மந்திரி இன்னும் சிலுப்பவில்லை

காப்பியா, டீயா என்று கேட்டால் ஒரு மனுஷி என்ன சொல்ல வேண்டும்? காப்பி என்று சொல்லலாம். டீ என்று சொல்லலாம். ரெண்டும் வேண்டாம், ஒரு சொம்பு மோர் கொடு என்றுகூடச் சொல்லலாம். என் சம்பந்தியம்மா, அதாவது என் மகளின் மாமியார், என்ன சொல்வார் தெரியுமா?

"எது இருக்கோ அதக் குடுங்க மதினி."

ரெண்டும் இருக்கிறது என்பேன்.

"அப்ப ஒங்களுக்கு எது சவுகரியமோ அது."

எனக்கு எது சவுகரியம் என்றால், அந்தத் தம்ளரை அவர் தலையில் கவிழ்ப்பதுதான். ஆனால் சம்பந்தி உறவாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு டீ போடுவேன். அதை ஊதி ஊதி, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடிப்பார். அடுத்த தடவை காப்பி போடுவேன். அதற்கும் அதே முகம். அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருசம் ஆனது. அதுவும் ஒரு நாயை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் கோம்பை. எனக்கு உத்தமபாளையம். பஸ்ஸில் ஏறி முந்தானையைச் சரிசெய்வதற்குள் வந்துவிடுகிற தூரம்தான். ஒருத்தரை ஒருத்தர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, ரெண்டு பேர் உட்காருகிற இடத்தில் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்காருகிற பழக்கம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. ஆனால் அடுத்தவர் சம்மதம் இல்லாமல் ஒரு துரும்பை நகர்த்த மாட்டார். அவர் பேச்சில் பாதிக்கு மேல் "ட்டா" என்றுதான் முடியும். "உக்காரட்டா? எந்திரிக்கட்டா? இந்தக் கதவச் சாத்தட்டா?"

மனுசரிடம் மட்டும் கேட்டால் பரவாயில்லையே. பசுவின் முதுகில் கையை வைத்து, "கறக்கட்டா ஆத்தா?" என்பார். அது காதை ஆட்டுகிறவரை மடியில் கை வைக்க மாட்டார். ஈ உட்கார்ந்தால் காது ஆடாதா என்று கேட்டேன். "ஈயா இருந்தா ஒரு காது ஆடும். சம்மதம்னா ரெண்டும் ஆடும்" என்றார். முருங்கைக் கீரை ஒடிக்கப் போனால் மரத்தைத் தொட்டு ஏதோ முணுமுணுப்பார். நாங்கள் குழம்பைக் கொதிக்க விட்டுக் காத்திருப்போம்.

ஒருநாள் உத்தமபாளையத்திலிருந்து தேனிக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சின்னமனூரில் என் எதிர் சீட்டில் ஒரு இடம் காலியானது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "உக்காரட்டா?" என்றார். அந்த அம்மாள் தலையாட்டியது. அது போதாது. பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளையிடம், "நீ உக்காருறியாத்தா?" கண்டக்டரிடம், "யாருக்கும் போட்டு வச்ச எடமா தம்பி?" இவர் ஊரெல்லாம் சம்மதம் வாங்கி முடிப்பதற்குள் ஒரு தடியன் வந்து தொப்பென்று உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டான். தேனிவரை நின்றுகொண்டே வந்தார். நான் அந்தத் தடியனைத் திட்ட வாயைத் திறந்தேன்.

"விடுங்க மதினி, அசந்து வந்திருக்கு போல. எழுப்பட்டான்னு கேக்கணும்னாலும் எழுப்பித்தான கேக்கணும்?"

இப்படிப்பட்டவர் என் மகள் கல்யாணத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண் பார்க்க வந்த அன்றே நேராக அடுப்படிக்குள் போய் என் மகளிடம், "ஏத்தா, ஒனக்குச் சம்மதமா? பயப்படாமச் சொல்லு" என்று கேட்டவர் அவர். எனக்கு அது பிடித்திருந்தது. உறுதி செய்த அன்றும் கேட்டார். சரி, மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பட்டு எடுக்கப் போன இடத்தில் கேட்டார். கடைக்காரர் சேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அருமையான கலரும்மா" என்றார். முகூர்த்தத்தன்று மணவறையில் கூட்டம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்காக மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிவிட்டார். அப்போது சம்பந்தியம்மா, "பொறுலே" என்று மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏத்தா, கடேசியா ஒருக்காக் கேட்டுக்கிறேன். சம்மதந்தான?"

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது, என் பெண்ணுக்கு வேறு எங்கோ மனசு இருப்பது மாதிரி. நாதஸ்வரக்காரர் உப்பிய கன்னத்தோடு அப்படியே இருக்கிறார், ஊதவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. என் மகளுக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. "சம்மதம் அத்தே" என்றாள். "சத்தமாச் சொல்லாத்தா, கேக்கல." அவள் கத்தினாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் மணிக்கட்டை விட்டார்.

அன்று சாயங்காலமே நான் பிடித்துக்கொண்டேன். "என்ன மதினி, இப்பிடி மானத்த வாங்கிட்டீக? ஊர்ல யாராச்சும் தாலி கட்டுற நேரத்துல கேப்பாகளா?"

"கழுத்து அவளுதுல்ல மதினி?" என்றார். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "எனக்குக் கலியாணம் ஆன அன்னைக்கு நான் கொடிக்காலுல வெத்தல கிள்ளிக்கிட்டிருந்தேன். எங்கய்யா வந்து, கையக் கழுவிட்டு வா, ஒனக்குக் கலியாணம்னாக. கழுவிட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல வேடிக்கை என்று நானும் சிரித்தேன்.

இனி நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கோம்பை நாயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செவலை நிறம், மூஞ்சி மட்டும் அடுப்புக்குள் விட்டு எடுத்த மாதிரி கறுப்பாக இருக்கும். வேட்டைக்குப் பேர்போன சாதி. சம்பந்தியம்மா வளர்த்தது வேட்டைக்கெல்லாம் போகாது. அவர் யோசனை கேட்டால் உட்கார்ந்து காது கொடுக்கும், அவ்வளவுதான். பெயர் மந்திரி. "என்னடா மந்திரி, இன்னைக்கு வத்தல் காயப் போடட்டா? மழை வருமா?" என்று கேட்பார். அது கொட்டாவி விட்டால் ஒரு அர்த்தம், வாலை ஆட்டினால் ஒரு அர்த்தம். கட்சிக்காரர்களைவிடத் தெளிவாகப் பேசும் என்பார்.

சம்பந்தி அய்யா காலமான பிறகு அவரும் மந்திரியும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். என் மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. லீவில் வந்தவர் ஒருநாள், "எம்மா, இங்கன ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போற? ஓசூருக்கு வந்துரு" என்றார்.

"அதுக்கென்னய்யா, ஒங்க சவுகரியம்" என்றார் சம்பந்தியம்மா.

மாப்பிள்ளை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். படித்த பிள்ளை, பாவம். காப்பியா டீயா கதை அவருக்கு எங்கே தெரியும்? விறுவிறு என்று வேலை நடந்தது. பசு, சம்பந்தியம்மாவின் தங்கை வீட்டுக்குப் போனது. அதனிடமும் கேட்டார், ரெண்டு காதும் ஆடியதாம். வீட்டுக்குக் குடிவர ஒரு வாத்தியார் குடும்பத்தை மாப்பிள்ளை பேசி வைத்தார். கிளம்பிய மறுநாள் தங்கை அவர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார் சம்பந்தியம்மா: "மந்திரியையும் ஒரு வார்த்த கேக்கணும்ல?"

என் மகள் ஓசூரிலிருந்து போன் போட்டாள். "எம்மா, நாய்க்கும் சேத்துத்தான் இங்கன வீட்டு ஓனர்கிட்டச் சொல்லியிருக்கு. நீயும் துணைக்கு வந்துரு. இல்லேன்னா அத்தை பாதி வழியில எறங்கிருவாக. அவுகளப் பேச்சுல வச்சே கொண்டாந்து சேத்துரு."

சரி என்று பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கோம்பைக்குப் போனேன். கார் வாசலில் நிற்கிறது. முன் சீட்டு நிறைய அரிசி மூட்டையும் திராட்சைப் பெட்டியும் தேங்காயும். மாப்பிள்ளை கை வலிக்க சாமான் ஏற்றிவிட்டு வேர்த்து நிற்கிறார். சம்பந்தியம்மா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் அதில் ரெண்டு வேப்பிலையுமாக வருகிறார். மந்திரியை நடுவாசலில் நிற்க வைத்தார். வேப்பிலையால் ரெண்டு சொட்டுத் தெளித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. கோயிலில் கிடா வெட்டுமுன் இப்படித்தான் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமிக்கும் சம்மதம், கிடாவுக்கும் சம்மதம். சிலுப்பாவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஊரே கும்பிட்டுக்கொண்டு நிற்கும். அதை யாராவது நாய்க்குச் செய்வார்களா?

"மதினி, இது என்ன கெடாவா? வெட்டவா கூட்டிட்டுப் போறோம்?"

"வெட்டுறதுக்கே சம்மதம் கேக்குறோம். வீடு மாத்துறதுக்குக் கேக்க வேணாமா?" என்றார்.

நான் வழிவிட்டு ஓரமாக நகர்ந்தேன். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

மந்திரி சிலுப்பவில்லை. சம்பந்தியம்மா குனிந்து, அதன் முகத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மறுபடி தெளித்தார். அது தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்து முழித்தது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "எம்மா, வெரசா முடி. நாளைக்கு நான் ஆபீசுல இருக்கணும்."

"சரிய்யா, வண்டிய எடு. போற வழியில சிலுப்பிருவான். சிலுப்பலேன்னா அப்ப யோசிப்போம்."

இப்படி, நாயின் சம்மதம் பாக்கியாக எங்கள் பயணம் கிளம்பியது.

பின் சீட்டில் அவருக்கு ஒரு ஜன்னல், எனக்கு ஒரு ஜன்னல், நடுவில் மந்திரி. தலை அவர் மடியில். வால் பக்கம் என் மடியில். புறப்படுமுன் அதற்குக் கருவாட்டுச் சோறு போட்டிருந்தார். அதன் பலனெல்லாம் என் பக்கமே வந்தது. ஜன்னலைத் திறந்தேன். "மதினி, அவனுக்குக் காத்துப் பட்டா காது வலிக்கும். சாத்தட்டா?" என்றார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சாத்தினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீரபாண்டியில் நிறுத்தச் சொன்னார். ஆத்தா கௌமாரியைக் கும்பிட்டுவிட்டு, ஆற்றங்கரைக்கு நாயைக் கூட்டிப்போய் முல்லையாற்றுத் தண்ணீரை அள்ளித் தெளித்தார். பக்கத்தில் குனிந்து, அதன் மூஞ்சியை அணைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். சிலுப்பவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "நாய்க்கு நேத்திக்கடனா ஆத்தா?" என்று கேட்டார். நான் தூரத்தில் யாரோ மாதிரி நின்றுகொண்டேன்.

"ஆத்தா தண்ணிக்கே அசையலயே மதினி" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"காதுக்குள்ள கொஞ்சம் ஊத்துங்க மதினி. எங்கூர்ல பூசாரி அதத்தான் பண்ணுவாக. கெடா படக்குன்னு சிலுப்பிரும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது கள்ளச் சம்மதம்."

தேனியைத் தாண்டினோம். பெரியகுளத்தில் ஒருதரம் நிறுத்தி, பாட்டில் தண்ணீர். இல்லை. தேவதானப்பட்டியில் மாந்தோப்பு நிழலில் ஒருதரம். இல்லை. மாப்பிள்ளை ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் அது பிய்ந்து கையோடு வந்துவிடும் போல இருந்தது. "அத்தே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் கண்ணாடி வழியாக. நான் என்ன சொல்ல? என் மடியில் வால்.

வத்தலக்குண்டில் டீக்கடை பார்த்து நிறுத்தினோம். "ஆத்தா, காப்பியா டீயா?" என்று கடைக்காரர் கேட்டார். "எது இருக்கோ அது தம்பி." "ரெண்டும் இருக்கு ஆத்தா." "ஒங்களுக்கு எது சவுகரியமோ." கடைக்காரர் கரண்டியோடு என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

சம்பந்தியம்மா கை கால் கழுவப் பின்பக்கம் போனார். மாப்பிள்ளை டயருக்குக் காற்றடிக்கப் போனார். கடையை ஒட்டி ஒருவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மந்திரியின் கயிறு என் கையில். அந்த மனுசன் பைப்பைத் திருப்பியதும், தண்ணீர் அப்படியே மந்திரிமேல் வந்து விழுந்தது.

சிலுப்பினான் பாருங்கள்! முதலில் மூக்கு, அப்புறம் காது, அப்புறம் முதுகு, கடைசியில் வால் என்று, மாவாட்டுகிற மிசின் மாதிரி. என் பட்டுச் சேலையில் கருவாட்டு வாசமும் லாரிச் சேறும் பூப்போட்ட மாதிரி விழுந்தது. அத்தோடு நிற்காமல், ஆசுவாசமாக இன்னொரு தடவையும் சிலுப்பினான்.

அடப் பாவிகளா, நாய்க்குச் சிலுப்பத் தெரிகிறதே!

வாயை மூடிக்கொண்டேன். சம்பந்தியம்மா திரும்பி வந்து, "என்ன மதினி, சேலையெல்லாம் நனஞ்சிருக்கு?" என்றார். "லாரிக்காரன்" என்றேன். பொய்யில்லை.

திண்டுக்கல்லைத் தாண்டினால் நாலுவழிச் சாலை. அதில் ஏறிவிட்டால் ஓசூர்வரை வழுக்கிக்கொண்டு போய்விடலாம். ஏறுமுன், ஒரு புளியமரத்தடியில் நானே நிறுத்தச் சொன்னேன். "மதினி, கடேசியா ஒருக்காக் கேட்டுருங்க. இங்கன சிலுப்பலேன்னா அப்பறம் அவன் இஷ்டம்."

கதவைத் திறந்துவைத்தோம். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா சொம்பில் மறுபடி மஞ்சள் கரைத்து, அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் தண்ணீரை அள்ளித் தெளித்தார். இந்தத் தடவை நான் நாயைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தேன்.

அது மந்திரியின் கறுத்த மூக்கின்மேல் இருந்தது. குழந்தைக்கு வாய் துடைத்துவிடுகிற மாதிரி பிரியமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் விரல்கள் அழுந்தியிருந்தன. நகக்கண் வெளுத்திருந்தது. மந்திரியின் முதுகுத் தோல் துடிக்கிறது, கால் பரபரக்கிறது, கண் உருளுகிறது. மூக்கு அசைந்தால்தானே காது அசையும், காது அசைந்தால்தானே முதுகு? கோம்பை வாசலில் முகத்தைத் தடவிக்கொடுத்தது, ஆற்றங்கரையில் மூஞ்சியை அணைத்துக்கொண்டது எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

"பாத்தீகளா மதினி, இன்னமும் சிலுப்பல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காலையிலிருந்து நாய் வாலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கருவாட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டு, சேறு பட்ட சேலையோடு வந்திருக்கிறேன், இந்த மனுஷி ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லாததால். அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். மகனுக்கு முன்னால் அவரைக் கள்ளியாக்க எனக்கு வாய் வரவில்லை. பதிலாக, அவர் இடுக்கியிருந்த சொம்பை எடுத்துக்கொண்டேன்.

"மதினி, ஓசூருக்குப் போகலாமா?"

"அதுக்கென்ன மதினி, ஒங்க சவு…"

முடிக்க விடவில்லை. ஒரு கை நிறையத் தண்ணீரை அள்ளி அவர் தலைமேல் தெளித்தேன்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "அத்தே!" என்று அலறினார்.

சம்பந்தியம்மா அசையவில்லை. திருநீறு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்று, தொங்கி, விழுந்தது. கண்ணிமையில் தண்ணீர் இருக்கிறது, சிமிட்டவில்லை. ஈரத்தைத் துடைக்க முந்தானையைத் தொடவில்லை. கழுத்தைக்கூட ஆட்டவில்லை. மந்திரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்மா, மொகத்தத் தொடச்சுக்கம்மா" என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கிவிட்டது.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

நான் இன்னொரு கை அள்ளினேன். "காதுக்குள்ள ஊத்தட்டா மதினி?"

உதடு மட்டும் அசைந்தது. "கள்ளச் சம்மதம் வேணாம் மதினி."

சாலையில் ஒரு லாரி போனது. மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா? போக மாட்டேன்னு ஒரு வார்த்த?"

"நீ எங்கய்யா கேட்ட? வந்துருன்னுல்ல சொன்ன."

மாப்பிள்ளை ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். தாலி கட்டப் போன நேரத்தில் அவர் அம்மா பிடித்து நிறுத்திய அதே மணிக்கட்டு. தலையை நிமிர்த்தித் திரும்பி, "சரிம்மா. இப்பக் கேக்குறேன். எங்க போகட்டும்?" என்றார்.

சம்பந்தியம்மா இடது கையை எடுத்தார், முகத்தைத் துடைக்க. அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து மந்திரி சிலுப்பினான். கார் முழுக்க மஞ்சள் தண்ணீர். மாப்பிள்ளை முகத்தில், என் கண்ணில், திராட்சைப் பெட்டியில்.

"வீட்டுக்கு விடுலே" என்றார் அவர்.

திரும்பி வரும்போது அதே டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்பதா வேண்டாமா என்று தயங்கினார்.

"காப்பி" என்றார் சம்பந்தியம்மா. "சீனி தூக்கலா. ஆடை இருக்கக் கூடாது. தம்ளர் சுட வேணாம், ஆத்திக் குடுங்க."

நானும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருசம் ஆடையோடு, சீனி குறைத்து, சுடச் சுடக் கொடுத்திருக்கிறேன்.

வாத்தியாருக்கு மாப்பிள்ளை வேறு வீடு பார்த்துக்கொடுத்தார். பசு திரும்பி வந்தது. சம்பந்தியம்மா எனக்கு நன்றி சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தலையில் தண்ணீர் ஊற்றிச் சளி பிடிக்க வைத்துவிட்டேன் என்று கோம்பை முழுக்கச் சொல்லிவைத்தார். அத்தோடு நிற்கவில்லை. ஒருதரம் வாய் திறந்தது, பிறகு மூடவே இல்லை. என் வீட்டுக்கு வந்தால், "மதினி, அந்த சன்னலத் தொறங்க. குழம்புல புளி கூடிப்போச்சு. அந்தச் சேலை ஒங்களுக்கு எடுக்கல, மாத்துங்க." ஊர் உலகத்திடம் கேட்கிற பழக்கமும் போகவில்லை. பசுவிடம், முருங்கையிடம், கண்டக்டரிடம் எல்லாம் பணிவாகக் கேட்பார். அதிகாரமெல்லாம் என்னிடம்தான். சில நாள், அந்தச் சொம்பைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

தன் வீட்டில், தன் கட்டிலில், ஒரு சித்திரை மாதத்தில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து நான் பாளையத்துக்கு ஆட்டோ ஏறும்போது, மந்திரி யாரும் கேட்காமலே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வால் என் மடியில்.

இப்போது அவனுக்கும் வயதாகிவிட்டது. கறுத்த மூஞ்சியில் நரை. எனக்கும் முட்டி வலி. போன வாரம் மாப்பிள்ளை போன் போட்டார். அந்தப் புளியமரத்தடிக்குப் பிறகு அவர் ரொம்பப் பதவிசாகிவிட்டார்.

"அத்தே, ஒத்தையில இருக்கீக. ஓசூருக்கு வர்றீகளா? கேக்கத்தான் செய்றேன். மந்திரியையும் கூட்டிட்டு வரலாம். நானே கார் கொண்டாறேன்."

தங்கமான பிள்ளை. கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. முகத்துக்கு நேராக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"அதுக்கென்ன மாப்ள. மந்திரிய ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்."

நேற்று மறுபடி போன் போட்டார். வாசலில் சொம்பும் மஞ்சள் தண்ணீருமாக நான். நனைந்துபோய் முன்னால் மந்திரி.

"என்ன அத்தே, கேட்டீகளா? என்ன சொல்றான்?"

"இன்னும் சிலுப்பல மாப்ள" என்றேன்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். வலது கையில் சொம்பு. இடது கை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.